கண்ணாடி ரெய்டும் ஒற்றை பூட்டும்

டெபியன் சர்வரை ஆள் இல்லாமல் நிறுவ ப்ரீசீட் இருக்கிறது. இன்ஸ்டாலர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு ஒரு கோப்பில் முன்கூட்டியே பதில் எழுதி வைக்கிறோம், அவ்வளவுதான். நேர மண்டலம், பாஸ்வேர்ட், பேக்கேஜ் பட்டியல் எல்லாம் படித்தாலே புரியும். ரெய்ட் 1 பகுதிக்கு வந்தால்தான் தலை சுத்துது.

அங்கே இரண்டு சமையல் குறிப்புகள். ஒன்று பார்ட்டிஷன்களை உருவாக்கும். மற்றொன்று அவற்றை எண்ணால் சுட்டி ஜோடி சேர்க்கும்: எஸ்டிஏ2-வோடு எஸ்டிபி2, இப்படி. முதல் குறிப்பில் நடுவே ஒரு பார்ட்டிஷனைச் சேர்த்தால் எண்கள் நகர்ந்துவிடும்; இரண்டாவதுக்கு அது தெரியாது. போதாக்குறைக்கு, நிறுவப் பயன்படுத்தும் பென் டிரைவே சில மெஷின்களில் எஸ்டிஏ ஆகிவிடும்.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கலாம். என் புகார் வேறு. யூஈஎஃப்ஐ மெஷினில் பூட் லோடர் இருப்பது ஃபேட் வடிவத்திலான ஈஎஸ்பி பார்ட்டிஷனில். ஃபர்ம்வேருக்கு லினக்ஸ் ரெய்ட் பற்றி எதுவும் தெரியாது. டெபியன் இன்ஸ்டாலர் க்ரப்பை ஒரு ஈஎஸ்பியில் மட்டும் போட்டுவிட்டு "முடிந்தது" என்கிறது. நான் மெய்நிகர் மெஷினில் நிறுவி, சிங்க் முடியும்வரை காத்திருந்து, முதல் டிஸ்கைக் கழற்றிப் பாத்தேன். பூட் ஆகலை. டேட்டா முழுசா இரண்டாவது டிஸ்கில் பத்திரமா இருக்கு, போய்ச் சேரத்தான் வழியில்லை.

கிக்ஸ்டார்ட்டில் ஈஎஸ்பியையே ரெய்ட் 1 ஆக்கலாம். ரெய்ட் தகவலை பார்ட்டிஷனின் கடைசியில் வைத்து, ஃபர்ம்வேரை வெறும் ஃபேட் என்று நம்ப வைக்கும் தந்திரம் அது. ஆனால் ஃபர்ம்வேர் தானே எதையாவது எழுதினால் இரண்டு பிரதிகளும் வேறுபட்டுவிடும். உபுண்டு 20.04-இலிருந்து க்ரப்பைப் பல ஈஎஸ்பிகளில் நிறுவ முடிகிறது. எனக்கு நேர்மையாகப் படுவது இதுதான்.

டெபியனில் நிறுவலின் கடைசியில் ஓடும் கட்டளையாக ஈஎஸ்பியை இரண்டாவது டிஸ்குக்கு நகலெடுத்து, ஈஎஃப்ஐபூட்எம்ஜிஆர் மூலம் இன்னொரு பூட் பதிவு சேர்த்தேன். இப்போ கழற்றினாலும் எழுந்திருக்குது. ஆனால் க்ரப் அப்டேட் ஆகும்போது புதுசாவது முதல் பிரதி மட்டும்தான், நகல் பழசாகவே நிற்கும். அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் மறுபடி நகலெடுக்க ஒரு ஸ்கிரிப்ட் தேவைப்பட்டது. ப்ரீசீட் கோப்பைவிட அந்த ஸ்கிரிப்ட்தான் இப்போ நீளம்.