கச்சான் வீசும்போது கடலுக்குப் போங்கள்

ஆடி மாதம் வட்டவளையில் மூன்று நாளாக மழை விடவில்லை என்றால், திருகோணமலைக்கு வேன் பேச அதுதான் சரியான நேரம். தென்மேற்கிலிருந்து வரும் காற்று ஈரத்தையெல்லாம் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா சரிவுகளில் கொட்டிவிட்டு, மலை தாண்டி வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. அங்கே அதற்குப் பெயர் கச்சான். அது வீசும் வைகாசி முதல் ஆவணி வரை திருமலைக் கடல் குளம் மாதிரி கிடக்கும். இது தெரியாமல் நாங்கள் முதல் தடவை போனது டிசம்பர் விடுமுறையில். வாடைக் காற்றில் அலை ஆளுயரம் எழும்ப, கால்கூட நனைக்காமல் கரையில் நின்று சோற்றுப் பார்சலைத் தின்றுவிட்டுத் திரும்பினோம்.

விடியுமுன் புறப்பட்டால் கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வழி போகும். மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் மட்டும் வேனில் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். தோட்ட வேலைக்கு வந்து மன்னார்க் கரையில் இறங்கிய நம் பாட்டன் பூட்டன்மார் காட்டுக்குள் நடந்து, காய்ச்சலிலும் பசியிலும் விழுந்தவர்கள் போக மிஞ்சியவர்கள் மலையேறிய பாதை அது. நாம் அதில் எதிர்த்திசையில் போகிறோம். கந்தளாயில் இறங்கி ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொள்ளலாம். அங்குள்ள பெரிய குளத்தைக் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான் என்பது ஊர்க்கதை. அந்தப் பெயரை மனதில் வையுங்கள், மறுபடி வரும்.

திருமலை வந்ததும் பிள்ளைகள் கடலுக்குத்தான் இழுப்பார்கள். விடாதீர்கள். கடலில் இறங்கிவிட்டால் உப்பும் மணலும் ஒட்டிய உடம்போடு யாருக்கும் கோயில் பார்க்க மனம் வராது. முதலில் பிரெட்ரிக் கோட்டைக்குப் போங்கள். வாசலில் வேனை விட்டு இறங்கி நடங்கள், உள்ளேயே ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான கல் தவறிவிடும். வாசற்கல்லில் இரண்டு கயல்மீன்கள் செதுக்கியிருக்கும், பாண்டியரின் சின்னம். பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்து. குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் உடைப்பார்கள் என்று அது சொல்வதாகப் படிக்கிறார்கள். உடைத்தும் விட்டார்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் அதைப் பிடித்தார்கள். ஆகவே நீங்கள் கோட்டைக்குள் நுழையும்போதே பழைய கோயிலைத் தொட்டுக்கொண்டுதான் நுழைகிறீர்கள். மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும், அவற்றுக்குப் பிஸ்கட் நீட்ட வேண்டாம்.

மேலே ஏறினால் கோணேசர் கோயில். சம்பந்தர் தேவாரத்தில் பாடிய தலம், இப்போதுள்ள கட்டடமோ 1963இல் குடமுழுக்குக் கண்டது. தரிசனம் முடிந்ததும் போட்டோவுக்கு ஓடாமல் பாறை ஓரத்துக் கம்பியைப் பிடித்துக் கீழே பாருங்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் முக்குளித்து, பழைய கோயிலின் தூண்களைக் கண்டது அந்தத் தண்ணீருக்கு அடியில்தான். பக்கத்துப் பிளவுக்கு இராவணன் வெட்டு என்று பெயர். மலையைப் பெயர்க்க அவன் வாளால் வெட்டினானாம். சீதா எலிய அம்மன் கோயிலுக்குப் போய்வந்த நுவரெலியாக்காரர்களுக்கு அவன் அந்நியனில்லை. நம் மலையில் தொடங்கிய கதை இந்தப் பாறையிலும் ஓடுகிறது.

இனிக் கடல். உப்புவெளியும் நிலாவெளியும் நகருக்கு வடக்கே அடுத்தடுத்து இருக்கின்றன. மணல் மெதுவாகச் சரிவதால் இடுப்பளவு தண்ணீரில் வெகுநேரம் நிற்கலாம். ஆனால் மலைப்பிள்ளைகளுக்கு ஆற்றுக் குளியல் தெரிந்த அளவுக்குக் கடல் தெரியாது. பெரியவர் ஒருவர் கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருக்கட்டும். நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போனால் முகமூடி கட்டிக்கொண்டு பவளப்பாறைகளைப் பார்க்கலாம். அவற்றின்மேல் காலை ஊன்றாதீர்கள். பார்க்கக் கல்லாக இருந்தாலும் உயிருள்ளவை. கரைக்கு வந்தபின் ஒரு பத்து நிமிடம் யாரோடும் பேசாமல் உட்காருங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணை ஒரு மலை மறிக்கும் ஊரில் வளர்ந்த நமக்கு, பார்வை போய்க்கொண்டே இருப்பது கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். அந்தப் பயத்தையும் ரசிக்கலாம்.

உப்பைக் கழுவக் கன்னியாவுக்குப் போங்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. முதல் வாளியைத் தலையில் ஊற்றாமல் காலில் ஊற்றிப் பழகிக்கொள்ளுங்கள். தாய்க்குக் கடன் கழிக்க இராவணன் உண்டாக்கிய வெந்நீர் என்பது ஐதிகம். அங்கே இறந்தவர்களுக்கு அந்தியேட்டி செய்யும் வழக்கம் அதனால்தான் வந்ததாம்.

போன வருசம் எங்கள் வேனில் வந்த பாட்டி ஒருவர், நாற்பது வருசம் பனியில் கொழுந்தெடுத்தவர், ஏழு கிணற்றிலும் குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "சீதைய நம்ம குளிர்ல கொண்டாந்து வச்சிட்டு, சுடுதண்ணிய மட்டும் இங்கயா விட்டான் அந்த மனுசன்?"