துண்டுப்படப் புதிரும் நிலவொளிப் பாதையும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை. மூன்றாம் வகுப்பு முடித்திருந்த என் மகள் கணிப்பொறியின் முன் அமர்ந்து, இணையத்தில் கிடைக்கும் துண்டுப்படப் புதிர் ஒன்றை இணைத்துக் கொண்டிருந்தாள். ஜிக்சா என்று கூறுகிறார்களே, அந்த விளையாட்டுதான். ஏரி, மரங்கள், இடப்புறம் மேலே முழுநிலவு, நீரில் நிலவொளி. மொத்தம் 48 துண்டுகள். வெள்ளிக் கோடுபோல் ஒளி மினுங்கும் ஐந்தாறு துண்டுகளை அவள் நிலவுக்கு நேர் கீழே வைத்து வைத்துப் பார்த்தாள். அவை அங்கே ஒட்டவில்லை. கடைசியில் வலக்கரை ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டன. படம் முடிந்தது. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன.

"அப்பா, இது தப்பா இருக்கு" என்றாள்.

"படம்தான் முடிஞ்சுடுச்சேம்மா."

"முடிஞ்சுது. ஆனா நிலா அங்க இருக்கு, வெளிச்சம் இங்க இருக்கே? நம்ம கண்மாய்ல அப்படி இருக்காதே."

வாசகர்களே, அவள் சொன்னது முற்றிலும் சரி. ஒளி எதிரொளிக்கும்போது படுகதிர், எதிரொளிப்புக் கதிர், பரப்புக்குச் செங்குத்தான கோடு ஆகிய மூன்றும் ஒரே தளத்தில் அமையும் என்பது பள்ளிப் பாடம். நீர்ப்பரப்பு கிடைமட்டமானது, ஆகவே அதன் செங்குத்துக்கோடு வான் நோக்கி நிற்கும். எனவே நிலவு, நீரில் அது மினுங்கும் இடம், காண்பவரின் கண் ஆகிய மூன்றும் ஒரே நிலைக்குத்துத் தளத்தில் இருந்தே ஆகவேண்டும். சிற்றலைகள் அந்த ஒளியை நம்மை நோக்கி நீண்ட பாதையாக இழுத்துவிடுகின்றன. பக்கவாட்டில் அவ்வளவாக நகர்த்துவதில்லை. கண்மாய்க் கரையில் நீங்கள் நடந்தால் அந்தப் பாதையும் கூடவே வருவது இதனால்தான். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கும் உங்கள் நண்பருக்கு அவருக்கென்று தனியாக ஒரு பாதை தெரியும். ஒளிப்படக் கருவியைச் சாய்க்காமல் பிடித்து எடுத்த படத்தில், நிலவொளி ஏறக்குறைய நிலவுக்கு நேர் கீழேதான் விழும்.

அப்படியானால் அந்தப் படம்? அதை எவரும் எடுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவு என்று பேசப்படும் கணிப்பொறி நிரலால் ஆக்கப்பட்டது அது. ஆனால் புதிர்த்தளத்தில் 'இயற்கைக் காட்சிகள்' என்னும் தலைப்பின்கீழ், உண்மையான ஏரிகளுக்கும் காடுகளுக்கும் நடுவே கூச்சமின்றி உட்கார்ந்திருந்தது. கண்மாயைப் பார்த்துத் தெரிந்துகொண்ட குழந்தையிடம், "நீ வைத்த இடம் தவறு" என்று அந்தப் புதிர் ஆறு முறை கூறிவிட்டது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இதுவே.

நான் இவ்விளையாட்டுக்குப் பகைவன் அல்லன். அவளைவிட அதிக நேரம் அதில் செலவிட்டவன் நான்தான் என்பதை வீட்டார் சாட்சி சொல்வார்கள்.

இதன் பிறப்பே கல்விக்காக நிகழ்ந்தது. 1760களில் இலண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்படச் செதுக்குநர், நிலப்படத்தை மெல்லிய பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டை ஒட்டியே அறுத்து, பிள்ளைகள் சேர்த்துப் பார்க்கும்படி விற்றார். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அறுத்த கோட்டுக்கே அங்குப் பொருள் இருந்தது. துண்டின் வடிவமே ஒரு நாட்டின் வடிவம். விளையாடி முடிக்கும் பிள்ளைக்கு எந்த நாட்டை எந்த நாடு ஒட்டி நிற்கிறது என்பது கைப்பழக்கமாகவே மனத்தில் பதியும். பின்னர் அட்டையும் அச்சுவெட்டும் பொறிகளும் வந்தன. 1932-33ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்காவில் மலிவான அட்டைப் புதிர்கள் வாரந்தோறும் விற்றுத் தீர்ந்தன. வெட்டுக்கோடு அப்போது பொருளற்ற குமிழும் குழியுமாக மாறிவிட்டது. இன்றைய திரைப்புதிரிலும் அதே குமிழ், அதே குழி. மரம் அறுக்கும் தொல்லை இல்லாத கணிப்பொறிக்கு, வண்ணத்துப்பூச்சியை அதன் சிறகு நரம்புகள் வழியே வெட்டுவதோ, காவிரியின் படத்தை அதன் கிளையாறுகளின் வடிநிலங்களாக வெட்டுவதோ பெரிய காரியமா? எளிதாகச் செய்யலாம். நான் பார்த்த தளம் எதுவும் செய்யவில்லை.

நல்லனவற்றையும் சொல்லியாக வேண்டும். துண்டு தொலைவதில்லை. செலவில்லை. கை நடுங்கும் முதியவரும் ஆடலாம். அதைவிடப் பெரிது, கலைக்கூடங்களின் கதவு திறந்தது. நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் கலைக்கூடம் 2017 பிப்ரவரியில் ஏறக்குறைய 3,75,000 படங்களை எவரும் எதற்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டது. இத்தகைய படங்கள் புதிர்களாக வரும்போது ஓவியத்தை அணு அணுவாகப் பார்க்கிறோம். பீட்டர் புரூகல் 1560இல் தீட்டிய 'குழந்தைகளின் விளையாட்டுகள்' என்னும் ஓவியத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எண்பதளவு விளையாட்டுகளை ஆடுகிறார்கள். கலைக்கூடத்தில் இரண்டு நிமிடம் நின்றால் தெரியாத வளையம் உருட்டும் பையன், 300 துண்டுகளில் அதைச் சேர்க்கும்போது நமக்கு நண்பனாகிவிடுகிறான்.

இயற்கைப் படங்களில் வானம்தான் கடினம் என்பார்கள். மேகமற்ற நீல வானமும் உண்மையில் ஒரே நீலம் அன்று. குறைந்த அலைநீளமுள்ள நீல ஒளியைக் காற்று மூலக்கூறுகள் மிகுதியாகச் சிதறடிக்கின்றன. அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் இது அமையும் என்பது ராலே கண்ட விதி. உச்சியில் காற்றின் தடிமன் குறைவு, ஆழ்ந்த நீலம். தொடுவானை நோக்கி இறங்க இறங்கத் தடிமன் கூடி, ஒளி பலமுறை சிதறி, வெளிறிப் போகிறது. ஆகவே ஒரு வானத்துண்டு எவ்வளவு வெளிறியிருக்கிறதோ அவ்வளவு தாழ்ந்த இடத்துக்கு உரியது. இதைக் கண்டுபிடித்த நாளில் என் வேகம் இருமடங்கானது! இதனையும் கெடுத்துவிடுகிறார்கள். வண்ணம் பளிச்சென்று தெரியவேண்டும் என்று படத்தை ஏற்றி ஏற்றி, உச்சி முதல் அடி வரை சாயத்தொட்டி நீலமாக்கி விடுகிறார்கள். புதிர் கடினமாகிறது, ஆனால் அந்தக் கடினத்தில் கற்க ஒன்றுமில்லை.

அடுத்த குறை இதைவிட ஆழமானது. அட்டைப் புதிரில் தவறான துண்டு சில வேளை சரியாகப் பொருந்திவிடும். இரண்டு நாள் கழித்து வேறோர் இடத்தில் இடிக்கும்போதுதான் முன்பு செய்த பிழை புரியும். பிரித்துப் பின்செல்ல வேண்டும். ஆய்வுக்கூடத்தில் பணி செய்தவர்களுக்கு இந்த அனுபவம் தெரியும். கண்டப் பெயர்ச்சிக் கொள்கையை 1912இல் முன்வைத்த ஆல்ஃபிரட் வெகெனர், கிழிந்த செய்தித்தாளை ஒட்டுவதைத் தம் நூலில் உவமையாகக் காட்டினார். ஓரங்கள் பொருந்தினால் மட்டும் போதாது. அச்சு வரிகளும் ஒரு துண்டிலிருந்து மறு துண்டுக்குத் தொடரவேண்டும். தென் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் வடிவத்தில் பொருந்துவது ஒரு சான்று. பாறைகளும் புதைபடிவங்களும் தொடர்வது இரண்டாம் சான்று. திரைப்புதிரிலோ சான்று தேடும் வேலையே நமக்கு இல்லை. சரியான இடத்துக்கு அருகே கொண்டுபோனதும் 'டக்' என்று தானே ஒட்டிக்கொள்கிறது. தவறென்றால் ஒட்டாது. விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேர்வு எழுதுவது போன்றது இது. படத்தையே பாராமல், ஒவ்வொரு துண்டையும் வரிசையாக உரசிப் பார்த்தே முடித்துவிடலாம். நானும் சோர்வில் செய்ததுண்டு.

சுழற்சியைப் பாருங்கள். நான் ஆடிய தளங்களில் துண்டுகள் நேராக நிமிர்ந்தே வருகின்றன. சுழற்றும் வசதி இருந்தாலும் அதை நாமே தேடிப்பிடித்து இயக்கவேண்டும். இதனால் எவ்வளவு குறைகிறது என்று கணக்கிடுவோம். நூறு துண்டுகளை வெறும் சதுரங்களாகக் கொண்டால், அவற்றை அடுக்கும் வழிகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 1-ஐ அடுத்து 158 சுழிகள். ஒவ்வொன்றையும் நான்கு விதமாகத் திருப்பலாம் என்றால், இந்த எண்ணை 4-இன் நூறாம் படியால், அதாவது 1-ஐ அடுத்து 60 சுழிகள் கொண்ட எண்ணைவிடப் பெரிய ஒன்றால், பெருக்கவேண்டும். நாம் எல்லா வழிகளையும் முயல்வதில்லை என்பது உண்மைதான். ஆயினும் புல்லின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது, ஒளி எங்கிருந்து வருகிறது என்று சிந்திக்கவைப்பது இந்தத் திருப்பம்தான்.

இடப்பற்றாக்குறையும் உண்டு. சிதறிய துண்டுகளைப் பரப்ப எவ்வளவு பெரிய மேசை வேண்டும் என்ற வினாவுக்கு 2023ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு இயற்பியலாளர்கள் அழகான விடை தந்தார்கள்: முடிந்த படத்தின் பரப்பைப் போல் √3 மடங்கு, அதாவது சுமார் 1.73 மடங்கு. துண்டுகளின் எண்ணிக்கை எதுவாயினும் இதே விடை! சதுரத் துண்டு எப்படித் திரும்பியிருந்தாலும் அதைச் சுற்றி ஒரு வட்டம் வரையலாம். அந்த வட்டங்களைத் தேன்கூடுபோல் நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றும் சதுரத்தின் பரப்பைப் போல் √3 மடங்கு இடம் கொள்ளும். தாளும் பேனாவும் எடுத்து நீங்களே சரிபார்க்கலாம். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் இப்படிப் பரப்பினால் படத்துக்கு ஏறக்குறைய 12 இலட்சம் புள்ளிகளே மிஞ்சும். ஆயிரம் துண்டுப் புதிராயின் துண்டு ஒன்றுக்குப் பக்கத்துக்கு 35 புள்ளிகள். 24 அங்குலத் திரையில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அட்டைப் புதிரின் துண்டு அதைப் போல் இருமடங்கு நீளம் இருக்கும். கைபேசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நினைவாற்றல் வளரும், மறதிநோய் வராது என்ற விளம்பரங்களை நம்பி ஆடாதீர்கள். ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஐம்பது வயது கடந்தவர்கள் முப்பது நாள், நாளுக்கு ஒரு மணி நேரமேனும் அட்டைப் புதிர் இணைத்தனர். ஆடாதவர்களைவிட அவர்களுடைய பொது அறிதிறன் குறிப்பிடும்படி உயரவில்லை.

பெயர்களுக்கு வருவோம். ஒரு தளத்தில் 'சிறுத்தை' என்ற தலைப்பில் 150 துண்டுகள். தோலின் கறுப்பு வளையங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். பல வளையங்களின் நடுவே சிறு புள்ளிகள். சிறுத்தையின் வளையங்களுக்குள் பொதுவாகப் புள்ளி இராது. இருப்பது ஜாகுவாருக்கு, அது அமெரிக்கக் கண்டங்களின் விலங்கு. புதிரை ஊன்றி ஆடியவனுக்குப் புதிரே தன் தலைப்பு பொய் என்று சொல்லிவிட்டது. இது இவ்விளையாட்டின் மிக உயர்ந்த பயன் என்பேன். ஆனால் பாருங்கள், அந்தப் படம் உண்மையான விலங்கின் படமாக இருந்ததால்தான் இது நடந்தது. நிரல் ஆக்கிய படமாயின் புள்ளி இருப்பதும் இல்லாததும் எதற்கும் சான்றாகாது. அண்மையில் கண்ட ஒரு தோட்டப் படத்தில் கதிரவனும் வானவில்லும் அருகருகே நின்றன. வானவில் கதிரவனுக்கு எதிர்த்திசைப் புள்ளியைச் சுற்றி 42 பாகையில் தோன்றுவது. கதிரவனிலிருந்து 138 பாகை விலகி நிற்கும். வில்லைப் பார்ப்பவனின் முதுகில்தான் வெயில் அடிக்கவேண்டும். அதே படத்து வண்ணத்துப்பூச்சியின் இடச்சிறகில் ஒரு கோலம், வலச்சிறகில் வேறொரு கோலம். இரு சிறகும் ஒத்திருக்கும் என்று நம்பி அரைமணி நேரம் துண்டு தேடினேன்!

தள நடத்துநர்கள் இரண்டு செய்யவேண்டும். ஆக்கிய படத்தை ஆக்கிய படம் என்று எழுதி, இயற்கைத் தலைப்பிலிருந்து நீக்கவேண்டும். உண்மைப் படத்துக்கு உயிரினத்தின் பெயரும் எடுத்த இடமும் தரவேண்டும். நான் அந்த ஏரிப்படத்தைக் குறித்து ஒரு தளத்துக்கு எழுதினேன். "அழகான படங்களைத் தொடர்ந்து தருவோம்" என்று பதில் வந்தது.

பெரும்பாலான தளங்களில் நம் சொந்தப் படத்தையே புதிராக்கிக்கொள்ளலாம். அடுத்த முழுநிலவன்று மகளும் நானும் கண்மாய்க் கரைக்குப் போய்க் கைபேசியில் படம் எடுத்தோம். நல்ல படம் என்று சொல்லமுடியாது, கை அசைந்துவிட்டது. அதே 48 துண்டுகள், சுழற்சியுடன். ஒளிப்பாதைத் துண்டுகளை அவள் முதலிலேயே நிலவுக்குக் கீழ் வரிசையாக வைத்துவிட்டாள். மேல்வரிசையில் ஏழு துண்டுகள் மட்டும் ஒரே கறுப்பு. எதை எப்படித் திருப்புவது என்று தெரியாமல் அவை இன்னும் ஓரத்திலேயே கிடக்கின்றன.