நாச்சியாபுரத்துல எந்தப் பக்கம்?

வீட்டு வியாபாரம் படுத்துப்போச்சு என்று பத்திரிகைகள் எழுத ஆரம்பித்ததுமே நமது அறிவாளிகள் மலிவு வீடு பற்றி விவாதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எது மலிவு? 2019இல் ஜிஎஸ்டியை 1 சதவீதமாகக் குறைத்தபோது, 45 லட்சம் ரூபாய் வரையுள்ள வீடு மலிவு வீடு என்றது அரசு. பெருநகரத்தில் அதன் அளவு 60 சதுர மீட்டர் வரை. 2016இல் வந்த பிரதமர் திட்டத்தில் கிராமத்து வீட்டுக்குக் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். இந்தக் கணக்கே உதைக்கிறது. ஆனால் என் சண்டை விலையோடு மட்டும் இல்லை.

விலை விழுந்தால் இல்லாதவனுக்கு வீடு கிடைக்கும் என்கிறார்களே, எங்க ஊர்ப் பக்கம் வந்து பார்க்கட்டும். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்தான். 1960களில் அங்கே வங்கியும் கடையும் தேசியமயமாயின. கொண்டுவிற்ற பணம் நின்றதும் செட்டிநாட்டு வீடுகள் அடங்கிப்போயின. ஒரு வீட்டுக்குப் பல புள்ளி பங்காளிகள். கல்யாணம், சாந்திக்குத் திறப்பார்கள், மறுபடி பூட்டு. சில வீடுகளை இடித்து, தேக்குத் தூணையும் கதவு நிலையையும் காரைக்குடியில் பழம்பொருளாக விற்றார்கள். இதைவிட ஒரு சந்தை படுக்க முடியுமா? அத்தனை வீடு காலியாகக் கிடந்தும் காலனிக்காரனுக்கு ஓர் அறை வாடகைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

இந்த வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பு என்று ஒன்று விடாமல் எழுதுகிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாடு ஏறிவிட்டது. சுண்ணாம்பை அரைத்தது யார் என்ற வரியைத்தான் தேட வேண்டியிருக்கிறது. என் அப்பத்தா சொல்லும்: "வளவுச் சொவருக்கு அரைச்சவ நாந்தாண்டா. பூசி முடிஞ்ச அன்னையோட சரி, அதுக்கப்புறம் அந்தச் சொவரத் தொட்டதில்ல."

வேலை கிடைத்து டவுனில் வீடு தேடினேன். முன்பணம் சட்டைப் பையில்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"நாச்சியாபுரம்."

"நாச்சியாபுரத்துல எந்தப் பக்கம்?"

வாடகை எவ்வளவு என்று பேசும் கட்டமே வரவில்லை.

அரசுக்கும் இந்தப் பக்கக் கணக்கு அத்துப்படி. எங்களுக்கு மனை கொடுக்க நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள். வேண்டிய சட்டந்தான். ஆனால் எங்களுக்கு மனை அளந்தது எங்கே? பழைய சேரியை ஒட்டி, இன்னும் தள்ளி. பக்கத்து வீட்டில் யார் என்று யோசித்த திட்டம் 1997இல் வந்த சமத்துவபுரம்: 100 வீட்டில் 40 தலித்துகளுக்கு. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். என்றாலும் அதற்கும் ஊருக்கு வெளியே புதுசாக ஒரு பொட்டல் தேவைப்பட்டது. பழைய தெருவை யாரும் தொடவில்லை.

விலைக்குறைப்பு கேட்டு மனு எழுதும் தோழர்கள் என்னிடமும் கையெழுத்து கேட்டார்கள். போடுகிறேன் என்றேன். மனுவில் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: மனையை ஊருக்குள்ளே கொடு.