நம்பிக்கையும் ஏமாற்றமும்: ஒரு துப்பறியும் நாவலும் அதன் வாசகரும்

துப்பறியும் நாவல் பற்றிய விவாதங்களில் தவறாது இடம்பெறும் நூல்களுள் ஒன்று, அகதா கிறிஸ்ரியின் ‘றொஜர் அக்றொயிட்டின் கொலை’. 1925 இல் இலண்டன் மாலைப் பத்திரிகையொன்றில் தொடராக வெளிவந்து, 1926 இல் நூலுருப் பெற்ற இந்நாவல் வாசகரை இரு அணிகளாகப் பிரித்தது. ஓரணியினர் இதனை இவ்விலக்கிய வகையின் உச்சம் எனப் போற்றினர். மற்றையோர் இதனை மோசடி எனக் கண்டித்தனர். இவ்விரு சாராரும் எவ்வளவுகோலைக் கைக்கொண்டனர் என ஆராய்வது, நாவலை மாத்திரமன்றி அதன் வாசகரையும் விளங்கிக்கொள்ள உதவும்.

கிங்ஸ் அபொட் என்னும் ஆங்கிலக் கிராமத்தில் செல்வந்தரான அக்றொயிட் கொல்லப்படுகிறார். ஓய்வுபெற்று அங்கு வாழும் புவாரோ குற்றவாளியைத் தேடுகிறார். கதையைச் சொல்பவர் அவ்வூர் வைத்தியரான ஷெப்பேட். ஈற்றில், கொலையாளி அவ்வைத்தியரே என்பது வெளிப்படுகின்றது. தன் கணவனை நஞ்சூட்டிக் கொன்ற பெண்ணொருத்தியின் இரகசியத்தை அறிந்து, அவளிடம் பணம் பறித்து வந்தவரும் அவரே.

துப்பறியும் நாவல் எழுத்தாளனுக்கும் வாசகனுக்கும் இடையிலான நேர்மையான போட்டி என்னும் கொள்கை அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. 1928 இல் அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் இருபது விதிகளை வகுத்தார். 1929 இல் ஆங்கிலக் கத்தோலிக்கக் குருவானவரான றொனால்ட் நொக்ஸ் பத்து விதிகளை வகுத்து, துப்பறிபவரின் நண்பனாக வருபவன் தன் மனத்தில் எழும் எண்ணங்களை மறைத்தல் ஆகாது என்றார். இவ்விதியைக் கொண்டு நோக்குமிடத்து ஷெப்பேட் குற்றவாளியே. ஆயின், எவரையும் சந்தேகிப்பது வாசகனின் கடமை என்று கூறி, டொறதி சேயர்ஸ் இந்நாவலுக்காக வாதாடினார். 1977 இல் வெளிவந்த தன் சுயசரிதையில் கிறிஸ்ரியும், கவனமாக வாசிப்போர் இதில் மோசடி இல்லை என்பதை உணர்வர் என்ற கருத்தையே வெளியிட்டார்.

நூலின் சான்றும் இவர்களுக்கே சார்பானது. கடிதம் வந்த நேரத்துக்கும் தாம் அறையை விட்டு நீங்கிய நேரத்துக்கும் இடையில் பத்து நிமிடம் கழிந்ததை வைத்தியரே எழுதுகிறார். அந்நேரத்தில் நிகழ்ந்ததை மாத்திரம் எழுதாது விடுகிறார். இங்கு பொய் இல்லை, மௌனமே உண்டு.

எனினும், விதி மீறப்பட்டதா இல்லையா என்னும் வினாவோடு விடயம் முடிவடைந்துவிடவில்லை. அப்பத்து நிமிடம் வாசகரின் கண்ணிற் படாமற் போனமைக்குக் காரணம் யாது? கதைசொல்லி ஒரு வைத்தியர்; படித்தவர்; கிராமத்தின் கனவான்களுள் ஒருவர். பொலிசாரின் சந்தேகம் முதலில் வேலைக்காரனான பாக்கர்மீதும், பின்னர் கடனாளியான வளர்ப்பு மகன்மீதும் விழுகின்றது. போதைக்கு அடிமையான அந்நியன் ஒருவனும் சந்தேகத்துக்கு ஆளாகிறான். வாசகரும் அவ்வழியே செல்கின்றனர். ஆகவே வாசகரை ஏமாற்றியது ஆசிரியர் மாத்திரமன்று. மதிப்பான தொழில் புரிபவனின் சொல்லை விசாரணையின்றி ஏற்கும் சமூகப் பழக்கமுமே அவர்களை ஏமாற்றியது. கண்டனக் குரலில் ஒலித்த சினத்துக்குக் காரணம், முறிந்த விதியினும் பார்க்க, முறிந்த இந்நம்பிக்கையே எனலாம்.

இந்நோக்கில் எட்மண்ட் வில்சனின் கண்டனமும் மீளாய்வுக்குரியது. 1944 இல் ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையில் துப்பறியும் கதைகளைச் சாடிய அவர், வாசகரின் எதிர்ப்புக் கடிதங்களைக் கண்டு 1945 இல் மற்றுமொரு கட்டுரை எழுதினார். அக்றொயிட்டைக் கொன்றது யார் என்பதில் எவருக்கு அக்கறை என்பதே அதன் தலைப்பு. ஆனால் அக்கட்டுரை ஆராய்ந்தவை வேறு நூல்களையே. புதிர் அவிழ்ந்ததும் நூல் வெறுமையாகிவிடும் என்ற குற்றச்சாட்டு பல துப்பறியும் நாவல்களுக்குப் பொருந்தக்கூடும். தலைப்பிற் பெயர் சுட்டப்பட்ட இந்நாவலுக்குப் பொருந்தாது. முடிவை அறிந்தபின் மீண்டும் வாசிப்பவனுக்கு அதே வாக்கியங்கள் வேறு பொருள் தருகின்றன. முதல் வாசிப்பில் அடக்கமாகத் தோன்றிய குரல், இரண்டாம் வாசிப்பில் அகந்தையும் அச்சமும் கலந்ததாகக் கேட்கின்றது.

1998 இல் பிரெஞ்சு விமர்சகர் பியர் பயார், புவாரோவின் முடிவே பிழையானது என வாதிட்டு, வேறொருவரைக் கொலையாளியாகச் சுட்டினார். கதைசொல்லியை நம்பாதிருக்கப் பழகிய வாசகன், அடுத்து துப்பறிபவனையும் நம்ப மறுப்பது இயல்பே.

நாவலுக்குக் குறைகளும் உள. புவாரோ குற்றவாளிக்குத் தற்கொலை என்னும் ‘கௌரவமான’ வழியைத் திறந்துவிடுகிறார். வேலைக்காரன் கொலையாளியாயின் அச்சலுகை கிட்டியிருக்குமா என்பது ஐயமே. கனவானின் முகமூடியைக் களைந்த நாவல், அவனது பெயருக்கு இழுக்கு நேராது காக்கவும் முனைகின்றது.

2013 இல் பிரித்தானியக் குற்றப்புனைகதை எழுத்தாளர் சங்கத்தினர் இதனையே தலைசிறந்த குற்ற நாவலாகத் தெரிவு செய்தனர். ஒருகால் மோசடியெனப்பட்டது பின்னர் முன்மாதிரியாகிவிட்டது. அக்றொயிட்டைக் கொன்றது யார் என்பதை இன்று பலரும் அறிவர். ஒருவனது சொல்லை, அவன் யார் என்பதைக் கொண்டு மாத்திரம் ஏற்றது ஏன் என்பதே வாசகர்முன் எஞ்சியுள்ள வினாவாகும்.