களத்தில் கண்ட பூவும் கண்ணாடியில் நின்ற பூவும்: டேவிட் ஹாக்னியின் ‘அரசியின் சாளரம்’

இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தின் வடக்குக் குறுக்குக் கூடத்தில் 2018 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ‘அரசியின் சாளரம்’, இரண்டாம் எலிசபெத்தின் ஆட்சியைக் கொண்டாடும் பொருட்டு அமைக்கப்பட்டதாகும். ஏறத்தாழ 8.5 மீட்டர் உயரமும் 3.5 மீட்டர் அகலமும் கொண்ட இச்சாளரம் டேவிட் ஹாக்னி வடிவமைத்த முதல் வண்ணக் கண்ணாடிப் படைப்பு. யார்க் நகரின் பார்லி ஸ்டுடியோ இதனைச் செய்து முடித்தது. அரச நினைவுச் சின்னம் ஒன்றில் எதிர்பார்க்கத்தக்க முடியோ கொடியோ புனிதர் உருவமோ இதில் இல்லை. மே மாதத்தில் பூத்துக் குலுங்கும் ஹாதார்ன் முட்செடிகள் நிறைந்த யார்க்‌ஷயர் நாட்டுப்புறமே சாளரம் முழுவதையும் நிரப்புகிறது. இயற்கையை நேரில் கண்டறிந்து பிறந்த கண்ணாடிக் கலைக்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறுவது எளிது. ஆனால், ஒரு படைப்பில் பூ இருப்பதும் களநோக்கு இருப்பதும் ஒன்றா என்னும் வினா எஞ்சுகிறது.

ஹாக்னியின் களநோக்கு ஐயத்திற்கு இடமற்றது. கிழக்கு யார்க்‌ஷயரின் பிரிட்லிங்டனில் தங்கி, ஒரே சாலையோரங்களுக்குப் பருவந்தோறும் மீண்டும் மீண்டும் சென்று அவர் வரைந்தார். வார்ட்டர் என்னும் ஊருக்கு அருகிலுள்ள மரங்களை 2007 இல் 50 துணித்திரைகளை இணைத்துத் தீட்டினார். ஓல்ட்கேட் சாலையில் 2011 ஆம் ஆண்டின் வேனில் வருகையை ஐபேடில் வரைந்து, ஒவ்வோர் ஓவியத்திற்கும் அது வரையப்பட்ட நாளையே பெயராகச் சூட்டினார். இவ்வரிசையில் 51 ஓவியங்கள் உள்ளன. ஒன்பது ஒளிப்படக் கருவிகளை ஊர்தியில் பொருத்தி அதே காட்டுவழியை நான்கு பருவங்களிலும் பதிவு செய்ததும் இக்காலத்தில்தான். பார்த்த இடத்தையே திரும்பப் பார்த்தல், மாற்றத்தை நாள்வாரியாகக் குறித்தல் ஆகியன தாவரங்களின் பருவ நிகழ்வுகளைப் பதிவு செய்யும் ஆய்வாளரின் முறைக்கு வெகு அருகில் நிற்பவை.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும், மரம், பூ, புள் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் வகுத்தது. இப்பகுப்பைத் திறனாய்வுக் கருவியாகக் கொண்டால் வேறுபாடு விளங்கும். ஓல்ட்கேட் ஓவியங்கள் முதற்பொருளால் நிற்பவை. அவற்றில் பூவைவிடப் பூக்கும் நாளே பெரிது. சாளரமோ கருப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டது. சில நாள்களே நீடிக்கும் மலர்ச்சியை ஹாக்னி ஆண்டுதோறும் காத்திருந்து வரைந்தார். அந்தக் காத்திருப்பு சாளரத்தில் இல்லை. அங்கு எந்நாளும் மே மாதம்.

ஹாதார்ன் காட்டில் தானே வளரும் செடி மட்டும் அன்று. 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் பொதுநிலங்கள் சட்டத்தின் வழி தனியுடைமையாக்கப்பட்டபோது, இங்கிலாந்தின் வயல்களைப் பிரிக்கும் உயிர்வேலியாக இது பெருமளவில் நடப்பட்டது. முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளிலேயே இது பூக்கும். ஆதலின் ஆண்டுதோறும் எந்திரத்தால் கத்தரிக்கப்படும் வேலியில் பூவும் குறையும். குளிர்காலப் பறவைகளுக்கு உணவாகும் கனியும் குறையும். ஒரு வேலி வெண்மையாகப் பூத்து நிற்கிறது என்றால், அதனை யாரோ சில ஆண்டுகள் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பது பொருள். உழவு, உடைமை, பறவை ஆகிய மூன்றும் முடிச்சிட்ட இச்செடி, சாளரத்தில் வேலி என்னும் தன்மையை இழந்து விழாத் தோரணமாகிறது. (இப்பூவை வீட்டிற்குள் கொண்டுவருதல் தீநிமித்தம் என்பது ஆங்கில நாட்டார் நம்பிக்கை. தேவாலயத்திற்குள் அது வந்திருப்பது சுவையான முரண்.)

இவ்விழப்பிற்குக் காரணம் பாடுபொருள் அன்று. ஒளியைக் கையாண்ட முறையே ஆகும். சாளரத்தை ஐபேடில் வடிவமைத்த ஹாக்னி, அக்கருவியும் கண்ணாடியைப் போலப் பின்னிருந்து ஒளி பெறுவது என்பதைப் பொருத்தமாகக் கருதினார். ஒப்புமை பாதி அளவே உண்மை. ஐபேடின் ஒளி நிலையானது. வரைபவர் விரும்பும் அளவில் நிற்பது. சாளரத்தின் ஒளி வானத்தைச் சார்ந்தது. மேலும், ஒளி ஊடுருவும் கண்ணாடியில் வெளிர் நிறங்கள் தம் எல்லையைக் கடந்து பரவி அருகிலுள்ளவற்றை விழுங்குவது இயல்பு. இதனைக் கட்டுப்படுத்தவே, இரும்பு அல்லது செம்பு ஆக்சைடைப் பொடித்த கண்ணாடியுடன் குழைத்துப் பூசி, ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு மேல் சூளையில் சுடும் முறையை இடைக்கால ஓவியர் கையாண்டனர். கண்ணாடி ஓவியத்தில் தூரிகையின் முதற்பணி நிறம் சேர்ப்பதன்று, ஒளியைக் குறைப்பதே. ஹாக்னியின் சாளரத்தில் தூரிகை நிழலீட்டுக்கு முதன்மை இல்லை. தட்டையான நிறத்துண்டுகளும் அவற்றைப் பிணைக்கும் ஈயக்கோடுகளுமே காட்சியை உருவாக்குகின்றன. தொலைவிலிருந்து காண்போருக்கு இது களிப்பூட்டுகிறது. ஆயின் இலைக்கும் பூவுக்கும் நிழலுக்கும் ஒரே அளவு வலிமை கிடைப்பதால், களத்தில் கண் செய்த தேர்வு அழிந்துவிடுகிறது.

மறுதலையான சான்று பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜூடித் ஷெக்டரின் கண்ணாடிப் பலகைகள். அவருடைய செடிகளும் பறவைகளும் பெரும்பாலும் கற்பனையில் பிறந்தவை. எனினும், மெல்லிய நிறப்படலம் கொண்ட கண்ணாடியைச் செதுக்கியும் அராவியும், கருநிறமி பூசிச் சுட்டும், பல அடுக்குகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தும் அவர் உருவாக்கும் செறிவில் ஒன்றையொன்று நெருக்கி வாழும் உயிர்களின் அடர்த்தி புலப்படுகிறது. களத்திற்குச் செல்லாதவர் எட்டிய இச்செறிவு, களத்தில் ஆண்டுகளைச் செலவிட்டவரின் சாளரத்தில் இல்லை. ‘சூழலியல் சார்ந்த கலை’ என்னும் அடைமொழியைப் பாடுபொருளை மட்டும் நோக்கி வழங்கும் திறனாய்வு இவ்விடத்தில் தடுமாறும்.

ஹாக்னியே இதற்கு மாற்று ஒன்றைப் படைத்திருக்கிறார். அவர் பலமுறை வரைந்த ஓல்ட்கேட் மரத்தண்டு ஒன்று 2012 இல் விஷமிகளால் வெட்டி வீழ்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு வேனில் வருகையை அவர் நிறமின்றிக் கரித்துண்டால் வரைந்தார்: ஐந்து இடங்கள், ஒவ்வொன்றும் ஐந்து முறை. 25 ஓவியங்களிலும் கருமையே ஒளியை அளக்கிறது. இலை தழைக்கத் தழைக்கச் சாலையில் நிழல் கூடுவதைக் கண் பின்தொடர முடிகிறது. சாளரத்தின் கண்ணாடிக்குத் தேவைப்பட்டதும் இந்தக் கருமையே.