உள்ளங்கையில் கம்ப்ரஷன்

ஆயில் இன்ஜின் பார்க்க வருகிற மெக்கானிக் கெட்டிக்காரரா என்பதை முதல் 5 நிமிடத்தில் சொல்லிவிடலாம். வந்ததும் ஸ்பேனர் கேட்டால் எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும்.

பல்லடம் பக்கம் ஒரு தோட்டம். கிணற்று மேட்டில் 6 குதிரைத்திறன் லிஸ்டர் ரக டீசல் இன்ஜின். இங்கிலாந்தின் டர்ஸ்லியில் பிறந்து, ராஜ்கோட் பட்டறைகளில் வார்க்கப்பட்டு நம் கிணறுகளுக்கு வந்த ஜாதி. இரு பக்கமும் கனத்த சக்கரம், நிமிடத்துக்கு 650 சுற்று. அன்று காலை இரண்டு ஆள் ஹேண்டிலைப் பிடித்தும் சக்கரம் வேகம் எடுக்கவில்லை. வேகம் இல்லாவிட்டால் டீசல் பற்றாது. இதில் பிளக் கிடையாது. அமுக்கப்படும் காற்றின் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூட்டைச் சிலிண்டர் இரும்பே குடித்துவிடும்.

மெக்கானிக் முதலில் பெல்ட்டைக் கழற்றினார். சுமை போன பிறகும் இறுக்கம் போகவில்லை. காற்று அமுங்காதபடி வால்வைத் திறந்துவைக்கும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு, ஹேண்டிலைத் தொடாமல், சக்கர விளிம்பில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளினார். கண் எங்கோ தென்னை மரத்தில். இறுக்கத்திலும் ரகம் உண்டு. சுற்று முழுக்க ஒரே சீராகக் கனத்தால் ஆயில் தடித்திருக்கும், பேரிங் இறுகியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிடித்தால் பிஸ்டன் பக்கம் வம்பு. இங்கே அப்படியில்லை.

"ரெண்டு சுத்துக்கு ஒருக்கா புடிக்குதுங்கண்ணா. லிவரு வால்வைத் தூக்கல."

நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்று அமுங்கும். லிவர் தூக்கியிருக்கும்போதும் அது கைக்குத் தெரிகிறதென்றால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கவில்லை. இந்தக் கணக்கை அவர் விரலால் போட்டுவிட்டார். லிவர் நுனி தேய்ந்திருந்தது. ஸ்க்ரூவை அரைச் சுற்று இறக்கியதும் சக்கரம் தானாக உருண்டது.

அத்தோடு விடவில்லை, எனக்குப் பிடித்ததே இனிமேல்தான். லிவரை இறக்கிவிட்டுச் சக்கரத்தைக் கம்ப்ரஷன் மேல் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தார். அது ஊஞ்சல்போல எதிர்த்துத் தள்ளியது. சைலன்சரில் காது வைத்தார். உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு ஒழுகுகிறது. ஏர் ஃபில்டரில் கேட்டால் இன்லெட். ஆயில் ஊற்றும் வாயில் காற்று வந்தால் ரிங். மூன்றும் மௌனம். மறுபடி லிவரைத் தூக்கிச் சுற்றும்போது நாசில் 'கிர்க், கிர்க்' என்றது. டீசல் வருகிறது, ஏர் பிடிக்கவில்லை.

ஹேண்டிலைப் பிடித்தார். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கம். சுற்றிப் பிடித்தால் இன்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் போய்விடும். ஏழெட்டுச் சுற்று, லிவர் கீழே, ஒரு கறுப்புப் புகை, பிறகு தப், தப், தப்.

பெல்ட்டை மாட்டுமுன் நிறுத்தி, பம்பின் ஷாஃப்டையும் கையால் திருகிப் பார்த்தார். கிளாண்டு கயிறும் கொஞ்சம் இறுக்கம்தான்.