உறவினர் குற்றமும் குடியிருப்போர் உரிமையும்: ஒரு தீர்ப்பின் திறனாய்வு

சட்டமும் ஒரு நூலே. நூலுக்கு உரையாசிரியர் உரை காண்பதுபோலச் சட்டத்திற்கு நீதிபதிகள் உரை காண்கின்றனர். உரை பிழைபடின், நூலில் விளைவது கருத்து வேறுபாடு. சட்டத்திலோ ஒரு குடும்பம் வீடிழக்க நேரும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002 மார்ச் 26ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்ட் நகரில், அரசாங்க வாடகை வீடுகளில் வாழ்ந்த முதியோர் நால்வரை வெளியேற்ற அந்நகர வீட்டுவசதி நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. இருவருடைய பேரப்பிள்ளைகள் கார் நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்தனராம். ஓர் அம்மையாரின் மனநலம் குன்றிய மகள், வீட்டிலிருந்து மூன்று தெருக்களுக்கு அப்பால் கொக்கேயினுடன் பிடிபட்டாளாம். நான்காமவர் உடல் ஊனமுற்றவர். அவருடைய பணியாளரிடம் கொக்கேயின் இருந்ததாம். முதியோர் தாமே குற்றம் புரிந்தனர் என்று எவரும் கூறவில்லை.

1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதி யாது? குடியிருப்பவரோ, வீட்டாரோ, விருந்தினரோ, அவர் கட்டுப்பாட்டிலுள்ள பிறரோ போதைப்பொருள் தொடர்பான எக்குற்றம் புரியினும் குடியிருப்பை முடிக்கலாம் என்பதே. பிரதம நீதிபதி ரென்குவிஸ்ட், ‘எந்த’ எனப் பொருள்படும் சொல்லையே பெரிதும் பற்றிக்கொண்டார். அச்சொல் வரம்பற்றது, ஆகவே குடியிருப்பவர் அறிந்தாரா, அறியாரா என்ற வினாவுக்கே இடமில்லை என்பது அவர் முடிபு. வழக்கைக் கேட்ட எண்மரும் அதற்கு உடன்பட்டனர்.

‘எக்குற்றமும்’ என்பதிலுள்ள உம்மையை நம் இலக்கணத்தார் முற்றும்மை என்பர். ஆனால், முற்றும்மை தான் சேர்ந்த சொல்லையே முற்றாகத் தழுவும். இங்கு அது குற்றத்தின் வகையைத் தழுவுகிறதேயன்றி, குடியிருப்பவரின் அறிவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விதி வாய்திறவா இடத்தில் ‘அறியாதிருப்பினும்’ என்று சேர்த்துப் படிப்பது உரையன்று, இடைச்செருகல்.

நீதிமன்றத்திற்கு மற்றொரு சான்றும் உண்டு. சொத்துப் பறிமுதல் விதியில் ‘அறியாதவர்’ என்னும் விலக்கு வெளிப்படையாக உள்ளது, இங்கு இல்லை. ஆகவே வேண்டுமென்றே விடப்பட்டது என்றனர். அதே சான்றைக் கொண்டு கீழ் மேல்முறையீட்டு மன்றம் 2001இல் எதிர்முடிபு கண்டதை மறக்கலாகாது. இருபாலும் இழுக்கத்தக்க சான்று எப்பாலையும் நிலைநாட்டாது.

இது தண்டனையன்று, வீட்டுக்காரர் தம் ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதே என்றும் தீர்ப்புக் கூறுகிறது. வீட்டை இழப்பவருக்கு இவ்வேறுபாட்டால் என்ன பயன்? தண்டனையெனில் குற்றம் ஐயமற மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஒப்பந்தமெனில் குற்றத்தீர்ப்பே வேண்டுவதில்லை. கைதுகூட வேண்டாம் என அரசாங்க விதிகளே உரைக்கின்றன. தண்டனையின் வலி உண்டு. அதற்குரிய காப்பு மட்டும் இல்லை.

போதைப்பொருள் விற்போரால் அக்குடியிருப்புகளில் ஏழை மக்கள் பட்ட அச்சம் பொய்யன்று. அவர்களைக் காக்கவே சட்டம் எழுந்தது. எனினும், தடுக்க இயலாத மூதாட்டியை வெளியேற்றுவதால் விற்பவன் திருந்துவானா? வெளியேற்றுவது கட்டாயமன்று, நிர்வாகத்தின் விருப்பம் என நீதிமன்றமே கூறிற்று. 2002 ஏப்ரலில் வீட்டுவசதித் துறைச் செயலாளர் மார்ட்டினெஸும், வெளியேற்றத்தைக் கடைசி வழியாகக் கொள்ளுமாறு நிர்வாகங்களுக்கு எழுதினார். நல்லுரைதான், ஆயினும் அதிகாரியின் இரக்கம் உரிமையாகாது.

2005இல் குடும்ப வன்முறைக்கு ஆளானோரைக் காக்கச் சட்டமன்றம் இவ்விதியிலேயே விலக்கு எழுதிச் சேர்த்தது. எழுத மனமிருந்தால் எழுத இயலும் என்பதற்கு அதுவே சான்று. அறியாதவர்க்கும் அவ்வாறு ஒரு வரி எழுதப்படும்வரை, உற்றாரின் குற்றம் குற்றமற்றவரின் கூரையைப் பறித்துக்கொண்டேயிருக்கும்.